மேடைக்குத் தோல் கவசம்: வெட்டும் முன் துண்டில் சோதியுங்கள்

போர்வீரன் வேடம் என்றால் இப்போது பலரும் ஃபோம் ஷீட்டை வெட்டி, ஒட்டி, வெள்ளிப் பெயின்ட் அடித்து முடித்துவிடுகிறார்கள். ஒரு நாள் போட்டிக்கு அது போதும். ஊர் ஊராகப் போய் வரும் நாடகத்துக்குப் போதாது. வியர்வையில் ஊறி, பெட்டிக்குள் திணிபட்டு, அடுத்த ஊரில் மறுபடி உதறி மாட்டப்படும் உடைக்குத் தோல்தான் தாங்கும். பழசாகப் பழசாகப் பார்வைக்கு இன்னும் நன்றாக ஆவதும் தோல்தான்.

ஆனால் தோல் என்பது ஆலையிலிருந்து ஒரே சீராக வரும் ஷீட் கிடையாது. ஒரே மாட்டின் முதுகும் வயிறும் ஒரே தண்ணீரில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். யாரோ எழுதிவைத்த நிமிடக் கணக்கும் வெப்பக் கணக்கும் உங்கள் கையில் இருக்கும் தோலுக்குப் பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை. கீழே தந்திருக்கும் எண்களும் அப்படித்தான்: தொடங்கும் இடமாக வைத்துக்கொண்டு, அதே தோலின் ஓரத்தில் வெட்டிய துண்டில் முதலில் செய்து பாருங்கள். ஒரு ஜோடி முன்கைக் காப்பு, ஒரு ஜோடி தோள் கவசம், இந்த இரண்டையும் வைத்துப் பேசுவோம். மார்புக் கவசம், இடுப்புப் பட்டை எல்லாம் இதே வேலைதான், அளவு மட்டும் பெரிது.

எந்தத் தோல்

மரப்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் வேண்டும். கடைகளில் 'வெஜ் டேன்' என்று கேளுங்கள். தண்ணீரில் நனைத்து வளைத்தால் வளைத்த வடிவிலேயே காய்ந்து நிற்பதும், வெந்நீரில் இறுகுவதும், அச்சு அழுத்தினால் தடம் தங்குவதும் இந்த ரகத்தில்தான். குரோம் உப்பில் பதனிட்ட தோல் எவ்வளவு நனைத்தாலும் காய்ந்ததும் பழைய தொளதொளப்புக்கே திரும்பிவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ அப்பருக்கும் கையுறைக்கும் போகும் தோலில் பெரும்பங்கு குரோம்தான். சென்னை பெரியமேட்டில் எடைக்குக் கிடைக்கும் வெட்டுத் துண்டுகளும் பெரும்பாலும் அதுவே. வார், உள் லைனிங், பை போன்றவற்றுக்கு அவை நல்லவை. கவசத்துக்கு ஆகாது.

கடையிலேயே அடையாளம் காண மூன்று வழிகள். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: பட்டைத் தோல் உள்ளே பழுப்பாக இருக்கும், குரோம் தோலின் நடுவில் நீலச் சாம்பல் கோடு தெரியும். சாயம் ஏற்றாத தோலாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள்: பட்டைத் தோல் உறிஞ்சி அந்த இடம் கருக்கும். மூன்றாவது, ஆணி ஊறவைத்த வினிகர் ஒரு சொட்டு. பட்டைத் தோல் என்றால் ஒரு நிமிடத்துக்குள் கன்னங்கரேல் என்று ஆகும், குரோம் தோலில் வெறும் அழுக்குச் சாம்பல்தான் வரும். துண்டைக் கொளுத்திச் சாம்பல் நிறம் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை விட்டுவிடுங்கள், குரோம் தோலை எரிக்கும் புகை நல்லதில்லை.

திருச்சி, திண்டுக்கல் பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்ற பெயரில் காலங்காலமாக ஏற்றுமதியானது இந்த ரகத்தைச் சேர்ந்ததுதான். இன்றைக்கு வாட்டில் மரத்தின் பட்டைச் சாறும் நிறையச் சேர்கிறது. ஆட்டுத் தோல் ஒரு மில்லிமீட்டர் அளவில் மெலிசாக வரும், அது உறை தைக்கவும் ஓரம் மடிக்கவும் ஆகும். கவசத்துக்கு மாடு அல்லது எருமை, 2.8 முதல் 3.5 மி.மீ. தடிமன். கான்பூரிலிருந்து வரும் சேணத் தோல் தடிமனில் சரியாக இருக்கும், ஆனால் அதில் பெரும்பாலும் கொழுப்பு ஏற்றியிருப்பார்கள். கொழுப்பு ஏறிய தோலில் தண்ணீர் இறங்காது, வளைத்தாலும் நிற்காது. 'எண்ணெய் ஏற்றாத, சாயம் போடாத வெஜ் டேன்' என்று முழுசாகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

நமக்கு வேண்டியது எவ்வளவு? காப்பு ஒன்றுக்கு 25க்கு 20 செ.மீ., தோள் ஒன்றுக்கு மேலே கவியும் ஒரு குமிழும் அதன்கீழ் அடுக்காகத் தொங்கும் மூன்று பட்டைகளும் சேர்த்துச் சுமார் 1,050 சதுர செ.மீ. மொத்தம் ஏறக்குறைய 3.3 சதுர அடி. சுடுநீரில் சுருங்குவதற்கு, சோதனைத் துண்டுக்கு, வார்களுக்கு, தழும்பும் ஓட்டையும் உள்ள இடத்தைத் தள்ளுவதற்கு என்று சேர்த்து 6 சதுர அடி வாங்குங்கள். 3 மி.மீ. தோல் சதுர அடிக்குச் சுமார் கால் கிலோ இருக்கும். ஆகவே முழு செட்டும் ஒரு கிலோவை ஒட்டி நிற்கும். ஆட வேண்டிய நடிகருக்கு இது பெரிய சுமையில்லை.

முதுகுப் பகுதி இறுக்கமானது, இழுபடாது. வார்களையும் தோள் பட்டைகளையும் அங்கே வெட்டுங்கள், வாரின் நீளம் முதுகெலும்புக்கு இணையாக ஓட வேண்டும். வயிற்றுப் பகுதி இழுபடும், தளர்ச்சியானது. விலை குறைவு என்று வயிற்றில் வார் வெட்டினால் ஒரே வாரத்தில் நீண்டு தொங்கும். அதே வயிற்றுத் தோல் தோள் குமிழை உப்ப வைக்கும்போது கையோடு வரும், அங்கே அதன் குறையே குணமாகிவிடுகிறது.

சோதனைத் துண்டுகள்

கவசம் வெட்டப்போகும் பகுதிக்குப் பக்கத்திலேயே, 12 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலத்தில் எட்டுத் துண்டுகள் வெட்டுங்கள். பாதித் துண்டுகளின் நீளம் முதுகெலும்புக்கு இணையாக, மீதி குறுக்காக. ஒவ்வொன்றின் சதைப்பக்கத்திலும் (சொரசொரப்பான உட்பக்கம்) பால்பாயின்ட் பேனாவால் எண்ணும் திசையும் எழுதி, சரியாக 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு கோடுகள் போடுங்கள். சுருங்கிய பிறகு அந்த இடைவெளியை அளந்தால் சதவீதம் தானாக வந்துவிடும். சாயம், மெழுகு, பெயின்ட் எல்லாம் பிறகு இதே துண்டுகளின்மேல்தான் ஏறப்போகின்றன. கடைசியில் அவற்றை ஒரு கம்பியில் கோத்து மாட்டிவையுங்கள். அடுத்த தோல் வாங்கும்போது ஒப்பிட உதவும்.

அட்டையில் அளவு

முன்கையின் பருத்த இடத்தைக் கையை மடக்கி முஷ்டி பிடித்த நிலையில் அளக்க வேண்டும். தொங்கவிட்டு அளந்தால் வாள் பிடிக்கும்போது இறுக்கும். முழங்கை மடிப்பிலிருந்து 5 செ.மீ. விட்டுத் தொடங்கி, மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே முடியுங்கள். பருத்த இடம் 27, மணிக்கட்டுக்கு மேல் 17, நீளம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தோலின் தடிமனுக்காகச் சுற்றளவில் 1 செ.மீ. கூட்டுங்கள், ஏனென்றால் 3 மி.மீ. தோல் வளையும்போது அதன் நடுக்கோடு உட்பக்கத்தைவிட ஏறக்குறைய அவ்வளவு நீண்டு ஓடுகிறது. உள்ளே துணி லைனிங் வைத்தால் இன்னொரு அரை செ.மீ. கயிறு கோக்கும் வாய்க்கு 3 செ.மீ. கழியுங்கள். லைனிங் இல்லாவிட்டால் மேலே 25, கீழே 15. அந்த வாய் தேவை: தோல் போகப்போகத் தளரும், இழுத்துக் கட்ட இடம் இல்லாவிட்டால் காப்பு கையில் சுற்றிச்சுற்றி வரும்.

சார்ட் அட்டையில் வெட்டி, டேப் ஒட்டி, நடிகரின் கையில் மாட்டிப் பாருங்கள். கையைத் தலைக்குமேல் தூக்கச் சொல்லுங்கள், கீழே விழுந்து எழச் சொல்லுங்கள். அட்டை எங்கே மடிந்து கசங்குகிறதோ அங்கேதான் தோல் உடம்பை உறுத்தும்.

ஈரத்தில் வளைத்தல்

முன்கைக் காப்புக்குச் சுடுநீர் தேவையில்லை, வெதுவெதுப்பான தண்ணீரே போதும். அச்சு அல்லது செதுக்கு வேலை ஏதாவது இருந்தால் அதை வளைப்பதற்கு முன், தட்டையாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அதற்குத் தோல் சொட்டச்சொட்ட ஈரமாக இருக்கக் கூடாது. ஸ்பாஞ்சால் நனைத்து, நிறம் ஏறக்குறைய பழையபடி வெளுக்கும்வரை காத்திருங்கள். கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. அந்த நிலையில்தான் தடம் கூர்மையாகவும் பழுப்பாகவும் விழும். ஈரம் அதிகமானால் தடம் மெல்ல உப்பி மறைந்துவிடும். கத்தியால் கோடு கீறினால் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் இறக்காதீர்கள், வளைக்கும்போது அங்கே வாய் பிளக்கும்.

பிறகு முழுத் துண்டையும் தண்ணீரில் அமிழ்த்துங்கள். காற்றுக் குமிழ்கள் வந்துகொண்டே இருக்கும். அவை நின்றால் உள்வரை நனைந்துவிட்டது என்று பொருள், 3 மி.மீ. தோலுக்குச் சில நிமிடங்கள் ஆகும். வெளியே எடுத்து வடியவிட்டு, துவாலையால் ஒற்றி எடுங்கள்.

அச்சாக நடிகரின் கையே சிறந்தது. கையில் கிளிங் ஃபிலிம் சுற்றி, தோலை வைத்து, மேலே அகலமான எலாஸ்டிக் பேண்டேஜைச் சுற்றி அரை மணி நேரம் பிடித்தால் வடிவம் நிற்கும். பிறகு கழற்றி, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, நிழலில் ஒரு முழு நாள் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் மேற்பக்கம் மட்டும் முந்திக் காய்ந்து வெடிக்கும், ஓரங்கள் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும்.

ஈரத் தோலின்மேல் இரும்புக் கிளிப், ஆணி, துருப்பிடித்த மேஜைக் கால் எதுவும் படக் கூடாது. தோலில் உள்ள டானினும் (மரப்பட்டையிலிருந்து ஏறிய துவர்ப்புப் பொருள்) இரும்பும் சேர்ந்து நீலக்கருப்புக் கறையாகிவிடும். நகத்தில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தால்கூடப் புள்ளி புள்ளியாக விழும். பிளாஸ்டிக் துணிக் கிளிப் பயன்படுத்துங்கள். புதிய கறை என்றால் எலுமிச்சைச் சாறு தடவினால் பெருமளவு போகும், பிறகு நல்ல தண்ணீரில் துடைக்க வேண்டும்.

சுடுநீரில் இறுக்குதல்

தோள் குமிழும் பட்டைகளும் கட்டை மாதிரி நிற்க வேண்டும். அதற்குத்தான் சுடுநீர். ஐரோப்பாவில் இடைக்காலத்திலும் கவசத்துக்குத் தோலை இறுக்கினார்கள். அவர்கள் சுடுநீர் மட்டும் பயன்படுத்தினார்களா, மெழுகா, பசையா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை. நமக்குச் சுடுநீர் போதும்.

நடப்பது இதுதான். தோலின் கொலாஜன் நார்கள் ஒரு குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டியதும் சட்டென்று சுருங்குகின்றன. பட்டைத் தோலில் அது பொதுவாக 70 முதல் 85 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும், தோலுக்குத் தோல் மாறும். சுருங்கும் தோல் தடிக்கும், கருக்கும், காய்ந்ததும் இறுகும். இறுக இறுக நொறுங்கும் தன்மையும் கூடவே வரும். எவ்வளவு இறுக்கம் வேண்டும், எவ்வளவு நொறுங்கலைப் பொறுக்கலாம் என்ற இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் அந்த எட்டுத் துண்டுகள்.

எட்டு லிட்டருக்குக் குறையாத எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் தோலைப் போட்டதுமே வெப்பம் இறங்கிவிடும். இரும்புப் பாத்திரம் வேண்டாம், காரணம் மேலே சொன்னதே. சமையல் தெர்மாமீட்டர் கட்டாயம், கண் மதிப்பில் இந்த வேலை நடக்காது. துண்டுகளை முதலில் பச்சைத் தண்ணீரில் முழுசாக நனைத்துவிட்டு, 70, 75, 80, 85 டிகிரியில் வெப்பத்துக்கு இரண்டாக, நீளவாட்டில் ஒன்றும் குறுக்குவாட்டில் ஒன்றும், 30 விநாடி இறக்குங்கள். இடுக்கியில் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு ஓரம் கருக்கத் தொடங்கும். அடுத்த சில விநாடிகளில் துண்டு எண்ணெயில் விழுந்த அப்பளம் போலச் சுருண்டு நெளியும். அந்த நெளிவு தொடங்கிய கணம்தான் உங்கள் தோலின் வெப்பம். அதைத் தாண்டி எத்தனை விநாடி வைக்கிறீர்களோ அத்தனை இறுக்கம்.

ஒரு நாள் காயவிட்டு அளந்து, வளைத்துப் பாருங்கள். 5 முதல் 10 சதவீதம் சுருங்கிய துண்டு கையால் வளைத்தால் சற்றே கொடுத்துவிட்டுத் திரும்பி நிற்கும். நமக்கு வேண்டியது அது. 15 சதவீதத்துக்குமேல் போனது பலகை மாதிரி இருக்கும், பலமாக வளைத்தால் பட்டென்று உடையும். மேடையில் விழுந்து புரளும் நடிகரின் தோளில் அது ஆபத்து. கொதிநீரில் போட்ட துண்டு கன்றிப்போய்க் கொம்பு மாதிரி ஆகும், அதற்கு மருந்தே இல்லை.

அளவு கையில் வந்ததும் நிஜத் துண்டுகளை வெட்டலாம். 8 சதவீதம் சுருங்குகிறது என்றால் அட்டை அளவை 0.92ஆல் வகுத்து, சுற்றிலும் ஒரு செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள். நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் சுருக்கம் வேறுபட்டால் தனித்தனியாக வகுக்க வேண்டும். தையல் துளையும் ரிவெட் துளையும் இப்போது போடாதீர்கள், சுருங்கியதும் எல்லாம் இடம் மாறும்.

வெளியே எடுத்ததும் இரண்டு நிமிடம்வரைதான் தோல் இழுத்த இழுப்புக்கு வரும். அதற்குள் தயாராக இருக்கும் அச்சின்மேல் அழுத்தி இழுத்து வடிவம் பிடிக்க வேண்டும். தோள் குமிழுக்குக் கவிழ்த்த சில்வர் கிண்ணம் அல்லது வழவழப்பான சட்டி நல்ல அச்சு. பட்டைகளுக்கு 110 மி.மீ. பிவிசி குழாய். இரண்டு அடுக்குக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் தண்ணீரில், ஒருவர் அச்சில் என்று இரண்டு பேர் இருந்தால் வேலை ஓடும். குமிழின் ஓரத்தில் மடிப்பு விழுந்தால் விரலால் நசுக்கி மறைக்க முயலாதீர்கள். ஓரத்தை வெளியே இழுத்துக் கிளிப் போடுங்கள், அந்த ஓரம் எப்படியும் வெட்டப்படப்போகிறது.

வடிவம் தவறினால் மறுபடி சுடுநீரில் போடலாம் என்று தோன்றும். போட்டால் இன்னும் சுருங்கும், இன்னும் நொறுங்கும். புதுத் துண்டு வெட்டுவதே மேல்.

சுடுநீர் பயமாக இருக்கிறதென்றால் பாதி வழி ஒன்று உண்டு. பச்சைத் தண்ணீரில் வளைத்துக் காயவைத்து, சாயமெல்லாம் முடிந்தபின் சதைப்பக்கத்தில் மட்டும் வெள்ளை ஃபெவிகாலுக்குச் சம அளவு தண்ணீர் கலந்து இரண்டு கோட் பூசுங்கள். சுடுநீர் அளவுக்கு இறுகாது, பள்ளி நாடகத்துக்குத் தாராளமாகப் போதும். மேற்பக்கம் சொட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், ஃபெவிகால் பட்ட இடத்தில் பிறகு எந்தச் சாயமும் ஏறாது.

தேன்மெழுகில் முக்கி இறுக்குவதையும் பலர் சொல்வார்கள். பளபளப்பும் ஆழ்ந்த நிறமும் அருமையாக வரும். நம் ஊருக்கு அது சரிப்படாது. தேன்மெழுகு 62–64 டிகிரியில் உருகும், அதற்கு வெகு முன்பே இளகத் தொடங்கிவிடும். மே மாதத்தில் வெயிலில் நிறுத்திய வேனுக்குள் உடைப் பெட்டியை வைத்துவிட்டால் குமிழ் தட்டையாகிவிடும். எடையும் கூடும். அப்படியும் செய்வதானால் மெழுகுப் பாத்திரத்தை நேரே அடுப்பில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், நேர்த் தீயில் மெழுகு பற்றிக்கொள்ளும்.

கருப்பு: இரும்பும் கடுக்காயும்

கறையாக வந்து தொல்லை கொடுத்த அதே வினையை வேண்டுமென்றே செய்தால், வியர்வைக்கும் போகாத கருப்பு கிடைக்கும். கடைச் சாயம் பலவும் ஈரம் பட்டால் நடிகரின் வெள்ளை வேட்டியில் இறங்கும். இரும்புக் கருப்பு தோலின் டானினோடு சேர்ந்து உள்ளேயே உருவாவது. கலம்காரித் துணியில் கருப்புக் கோடு விழுவதும் இதே வேதியியல்தான். அங்கே துணியை முதலில் கடுக்காயில் நனைத்து, வெல்லத்தோடு ஊறிய இரும்புத் தண்ணீரால் வரைகிறார்கள்.

அரை லிட்டர் வெள்ளை வினிகருக்கு ஒரு கைப்பிடி மெல்லிய ஸ்டீல் உல் (இரும்பு இழைப் பஞ்சு). அதில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், சோப்பில் அலசிக் காயவைத்துப் போடுங்கள். பாட்டிலை இறுக மூடாதீர்கள்: ஹைட்ரஜன் வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும், மூடினால் வெடிக்கும், பக்கத்தில் விளக்கோ அடுப்போ இருக்கக் கூடாது. ஒன்றிரண்டு வாரத்தில் குமிழ் அடங்கும். துணியில் வடிகட்டினால் திரவம் தயார்.

நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கி, 50 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி ஆறவையுங்கள். தோலில் முதலில் இதைப் பூசி ஊறவிடுங்கள். டானின் கூடினால் கருப்பும் கூடும், இதில்லாமல் பூசினால் சில தோல்கள் சாம்பல் கலந்த நீலத்தோடு நின்றுவிடும். ஈரம் சற்று அடங்கியதும் இரும்பு வினிகரைத் தாராளமாகப் பூசுங்கள். கண்ணெதிரே கருக்கும். அரை மணி நேரம் கழித்து ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேஜைக்கரண்டி சமையல் சோடா கரைத்து, இரு பக்கமும் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள். இந்தப் படியைத் தாண்டினால் அமிலம் உள்ளேயே தங்கி, சில மாதங்களில் மேற்பரப்பு வெடிக்கத் தொடங்கும். அதற்காகச் சோடாவை அள்ளிக் கொட்டவும் கூடாது, காரம் அதிகமானாலும் தோல் கெடும்.

இன்னும் லேசாக ஈரம் இருக்கும்போதே விளக்கெண்ணெயை மெல்லிய துணியில் தொட்டு ஒரே ஒரு கோட். சாம்பலாகத் தெரிந்த இடங்கள் அப்போதுதான் முழுக் கருப்பாகும். எண்ணெய் கூடினால் இறுக்கிய தோல் மறுபடி இளகும், பெயின்டும் பிடிக்காது.

உலோகம் மாதிரித் தெரிய வேண்டுமா? கருப்பின்மேல் வெண்கல நிற அக்ரிலிக்கைத் தட்டைப் பிரஷில் தொட்டு, காகிதத்தில் தேய்த்து ஏறக்குறைய வறண்ட பிறகு, மேடுகளிலும் ஓரங்களிலும் மட்டும் இழுங்கள். பள்ளங்கள் கருப்பாகவே இருக்கட்டும். முழுக்கப் பூசிய தங்க நிறம் மேடை விளக்கில் பிளாஸ்டிக்காகத் தெரியும், வளையும் இடங்களில் உரியும். கடைசியில் அக்ரிலிக் ஃபினிஷை அதே அளவு தண்ணீரில் கலந்து இரண்டு மெல்லிய கோட். எல்லாம் காய்ந்ததும் ஈரமான வெள்ளைத் துணியால் பலமாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் இன்னும் வேலை இருக்கிறது.

செதுக்கு வேலையில் எவ்வளவு நேரம் போடலாம் என்பதற்கு ஒரே அளவுகோல், பார்வையாளர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது. பத்தாவது வரிசையிலிருந்து கொடிச் செதுக்கல் எதுவும் தெரியாது. தெரிவது வெளிவடிவம், ஓரத்துத் தடிமன், பெரிய ரிவெட்டின் மின்னல். கேமரா முன் நிற்கும் உடை என்றால் கணக்கு தலைகீழ்.

தோள் பட்டைகளைக் கோத்தல்

குமிழ் 26க்கு 17 செ.மீ., அதன்கீழ் 8 செ.மீ. உயரத்தில் 26, 25, 24 செ.மீ. நீளமுள்ள மூன்று பட்டைகள். மேல் பட்டை கீழ்ப் பட்டையின்மேல் 2.5 செ.மீ. படிய வேண்டும். கீழே போகப்போக நீளம் குறைவதால் கையைத் தூக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று நழுவும். எல்லாம் ஒரே அளவென்றால் ஓரத்தில் சிக்கிக்கொள்ளும். உட்பக்கம் 2 செ.மீ. அகலத்தில் மூன்று மெல்லிய வார்கள், நடுவில் ஒன்று, இரு ஓரத்தில் ஒவ்வொன்று. இவற்றுக்குக் குரோம் தோல் துண்டுகளே நல்லவை, ஆயிரம் முறை மடிந்தாலும் வெடிக்காது. வாரைப் பட்டைகளில் அடிக்கும்போது பட்டைகளுக்கு நடுவே முழுக்க இழுத்துக் கட்டாமல் ஒரு செ.மீ. தளர்வு விடுங்கள்.

இரட்டைத் தொப்பி ரிவெட் வாங்கும்போது, அதன் கால் இரண்டு தோலின் மொத்தத் தடிமனைவிட 3 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். நீளம் கூடினால் கால் உள்ளே வளைந்து தொப்பி சாயும், குறைந்தால் அடுத்த காட்சியிலேயே கழன்று விழும். உடம்போடு கட்டும் வார் தொங்கும் இடத்தில் தொப்பி ரிவெட்டை நம்பாதீர்கள், வாஷர் போட்ட செப்பு ரிவெட் அடியுங்கள்.

தையலும் ஓரமும்

தையல் மிஷின் 3 மி.மீ. இறுகிய தோலில் போகாது, கைத்தையல்தான். ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே கோடு, 5 மி.மீ.க்கு ஒரு துளை, 0.8 மி.மீ. மெழுகு பாலியெஸ்டர் நூல், தையல் நீளத்தைப்போல் நான்கு மடங்கும் கைப்பிடிக்குக் கொஞ்சமும். நூலின் இரு முனையிலும் ஊசி. முதல் துளையில் நூலைப் பாதியாக நிறுத்துங்கள். இடப்பக்க ஊசி துளைக்குள் போய் வலப்பக்கம் வரும், அதன் நூலைச் சற்றுப் பின்னே இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலப்பக்க ஊசியை அதே துளையில் முதல் நூலுக்குப் பின்பக்கமாக நுழையுங்கள். முதல் நூலை ஊசி குத்திவிட்டால் முடிச்சாகி இறுகாது. இரண்டையும் ஒரே சமயம் பக்கவாட்டில் இழுத்து அடுத்த துளை. எந்த ஊசி முதலில், எது பின்னால் என்பதைக் கடைசிவரை மாற்றக் கூடாது, மாற்றினால் தையல் சாய்வு கலைந்து பல்லிளிக்கும். முடிவில் மூன்று துளை திரும்பி வந்து நூலை வெட்டி, நுனியைச் சுட்டு அமுக்குங்கள். ஒரு தையல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும் என்பதே இந்தத் தையலின் பலன்.

ஓரங்களை 220, பிறகு 400 உப்புத்தாளில் தேய்த்து, ஈரப்படுத்தி, கிளிசரின் சோப்பு தொட்டு, வழவழப்பான மரக்கட்டையால் சூடேறும்வரை உரசுங்கள். கழுத்தும் அக்குளும் படும் ஓரங்களில் இதைச் சோம்பல் பார்க்காமல் செய்ய வேண்டும், இறுகிய தோலின் கூர் ஓரம் நடிகரின் உடம்பை அறுத்துவிடும்.

மேடையில்

பின்கழுத்து, தோள் உட்பக்கம் எல்லாவற்றிலும் பருத்தித் துணி லைனிங் வைத்து, பிரஸ் பட்டனில் மாட்டுங்கள். கழற்றித் துவைக்க முடியாத லைனிங் மூன்றே காட்சியில் நாறும். வேடம் மாற்ற ஒரு நிமிடம்தான் கிடைக்கும் என்றால் கயிறு கோப்பு வெறும் அலங்காரமாக இருக்கட்டும், உள்ளே எலாஸ்டிக்கும் வெல்க்ரோவும் வேலை பார்க்கட்டும். சட்டையில் மைக் குத்தும் நாடகமானால் பட்டைகள் ஒன்றோடொன்று மோதும் 'டக் டக்' சத்தம் வசனத்தோடு சேர்ந்து கேட்கும். படியும் 2.5 செ.மீ. இடத்தில் மெல்லிய ஃபெல்ட் பட்டை ஒன்றை ரப்பர் சொல்யூஷனில் ஒட்டினால் அடங்கிவிடும். சொல்யூஷனை இரு பக்கமும் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் விரலில் ஒட்டாத அளவு உலர்ந்த பிறகு அழுத்த வேண்டும். பூசியவுடனே அழுத்தியது வியர்வையில் உரிந்து வரும்.

காட்சி முடிந்ததும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காற்றில் உலர்ந்த பிறகே பெட்டிக்குள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்த பட்டைத் தோல் பத்து நாளில் வெள்ளைப் பூஞ்சை பூக்கும். பருத்தித் துணிப் பையில், குமிழுக்குள் செய்தித்தாள் திணித்து, தரையில் படாமல் வையுங்கள். பூத்துவிட்டால் வெளியே எடுத்துப் போய் உலர்ந்த பிரஷால் தட்டி, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துடைத்து, நிழலில் காயவையுங்கள். இரும்புக் கருப்பு போட்ட துண்டில் மட்டும் வினிகர் வேண்டாம், அதற்குச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியை முதலில் பழைய சோதனைத் துண்டில் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.